குழாய்க் கீறலில் ஒரு விரல்

விரலை எடுத்தால் மீட்டர் முள் ஏறிவிடும். நின்றபடி இன்ஜின் ஓடும் குட்டி விமானத்துக்குள், வயரைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி அக்காவின் கால்களுக்கிடையே தலையை நுழைத்து, ரப்பர் குழாயின் கீறலை அழுத்திக்கொண்டிருக்கிறேன். ரோட்டரி இன்ஜின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை இந்தக் குழாய்தான் சென்சாருக்குக் காட்டும். முந்தாநாள் குறடால் இழுத்துக் கிழித்துவிட்டு மறைத்தவள் நான். திட்டு வாங்கியவள், சென்சார் மாட்டிய அக்கா. பெட்ரோல் நெடியில் கண் எரிகிறது.

"நான் மாட்டின புது சென்சார்ல முள்ளு ஒழுங்கா நிக்குது பாரு! நீ மாட்டினது குப்பை!" வெளியே நின்று அப்பா கத்துகிறார்.

"வாய் வலிக்கலையாப்பா? காலையில நானே பறந்து காட்டுறேன்!" அக்காவும் விடவில்லை.

இன்ஜின் அடங்குகிறது. அக்காவின் செருப்பு என் தோளைச் செல்லமாக இடிக்கிறது.

"ஏண்டி, தூங்கிட்டியா? வெளிய வா."

என்ன சொல்லி விரலை எடுப்பேன்?