பதினான்காம் எண் கல்

ஜியாலஜி செய்முறைத் தேர்வில் ரிஸ்வானா பதினான்காம் எண் கல்லை மறுபடி மறுபடி புரட்டினாள். பதினாலு என்றால் காங்லோமரேட், கூழாங்கற்கள் இறுகி ஆன பாறை. எண்ணை மனப்பாடம் செய்துவந்த மற்றவர்கள் கல்லைத் தொடாமலே எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். இவள் கையில் இருந்ததிலோ துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், இது கான்கிரீட்."

"போன வருஷமும் இதையே எழுதித்தானேம்மா அரியர் வச்சே?" பேராசிரியர் நிமிரவில்லை. "நான் படிச்சப்பவும் இதே கல்லுதான். காங்லோமரேட்டுன்னு எழுது."

எரிச்சலில் அண்ணாந்து பார்த்தாள். மேசைக்கு நேர் மேலே, கூரையில், அந்தக் கல் கச்சிதமாகப் பொருந்தும் அளவுக்கு ஒரு பள்ளம். அதிலும் அதே கம்பி.

பல்லைக் கடித்துக்கொண்டு 'காங்லோமரேட்' என்று எழுதித் தொலைத்தாள். பேனாவை மூடுவதற்குள் விடைத்தாளின் மேல் பொடி மணல் உதிரத் தொடங்கியது.