குமரு பேசும் நேரம்

"குமரு, சோறு உண்டியா சாமி?" போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினாள் சென்னியம்மாள்.

"ஆச்சும்மா. நீ மாத்திரை போட்டியா?" சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சலைத் தாண்டி அந்தக் குரல் வந்தது. நேற்று எழுநூறு அடி போர் போட்டும் வெறும் புழுதிதான் வந்ததாம். வெயில் மண்டையைப் பிளக்கிறதாம்.

கிழவி எல்லாவற்றையும் விசாரித்தாள். மழை உண்டா, கூட இருக்கும் ஆட்கள் சுகமா, சமையல்காரன் இன்னும் உப்பை அள்ளிக் கொட்டுகிறானா. ஊருக்கு எப்போது வருகிறாய் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தமட்டில் மருமகள் தனப்பிரியாவுக்கு நிம்மதி.

"இரு, தனத்துகிட்டக் குடுக்கறேன். பேசு."

தனப்பிரியா போனை வாங்கிக்கொண்டு தென்னைமரத்தடிக்குப் போனாள். நடக்கும்போதே ஒரு கை தலையில் இருந்த பூவைச் சரிசெய்தது. அவன் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் கை கேட்கவில்லை.

மறுமுனையில் கம்ப்ரசர் சத்தம் தேய்ந்தது. வண்டியை விட்டுத் தள்ளி நடக்கிறான்.

"அழுதீங்களா?"

"இல்லீங்களே."

"பொய். கொரலே சொல்லுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அழுததைக் கண்டுபிடிக்க இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். ஆனால் அவன் குமரகுரு இல்லை. மாதேஸ்வரன்.

குமரகுரு போன சித்திரையிலேயே செத்துப்போனான். குழாய் இறக்கும்போது சங்கிலி அறுந்து குழாய் அவன் மேலே விழுந்தது. அந்த நேரம் சென்னியம்மாள் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது சொன்னால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். எப்போதுமே சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தார் கிழவியின் தம்பி பாலசுந்தரம்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவராமலே திருச்செங்கோட்டில் எரித்தார்கள். தனப்பிரியா மயானத்தில் புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அங்கிருந்த குழாயில் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, மாமியாருக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

மல்லசமுத்திரம் பக்கம், வரப்புகளுக்கு நடுவே தனியாக நிற்கும் தோட்டத்து வீடு அது. முகம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயந்து சொந்தபந்தம் எதுவும் அதன்பின் வரவில்லை. பிள்ளைகளும் இல்லை. தினமும் பூ வைத்து, தாலியை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, அத்தையோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தாள் தனப்பிரியா. கட்டிப்பிடித்து அழ ஒரு ஆள் இல்லை. மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

மகனாகப் பேச ஒப்புக்கொண்டவன் மாதேஸ்வரன். குமரகுருவோடு ஒரே வண்டியில் வேலை பார்த்தவன். லீவுக்கு வரும்போதெல்லாம் இந்த வீட்டுச் சோறு தின்றவன். பெண் அமையாமலே நாற்பதை நெருங்கிவிட்டவன். இரைச்சலில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்று கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று "அம்மா" என்பான். கிழவியிடம் பேசி முடித்ததும் இவளிடம் இரண்டு வார்த்தை.

இரண்டு வார்த்தை வளர்ந்தது. மாடு கன்று போட்டதைச் சொன்னாள். குச்சிக்கிழங்கு விலை இறங்கியதைச் சொன்னாள். ராத்திரியில் பயமாக இருப்பதையும் ஒருநாள் சொன்னாள். இப்போதெல்லாம் அந்தப் போன் வரும் நேரத்துக்காகவே அவளுக்குப் பொழுது விடிந்தது.

"ஒண்ணு சொல்றனுங்க. தப்புன்னா போனை வெச்சுப்போடுங்க." கம்ப்ரசர் சத்தம் இன்னும் தேய்ந்தது. "நாம கண்ணாலம் கட்டிக்கலாமுங்களா?"

தனப்பிரியா தென்னையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அதற்கு அத்தையிடம் ஒரே மூச்சில் இரண்டைச் சொல்லியாகவேண்டும். உங்கள் மகன் இல்லை. நானும் போகிறேன்.

"வேண்டாமுங்க."

"ஏனுங்க, என்னையப் புடிக்கலீங்களா?"

"அப்படியெல்லாம் கேக்காதீங்க." அவள் குரல் உடைந்தது. "அத்தை உசுரோட இருக்கற வரைக்கும் நான் குமரு பொண்டாட்டிதானுங்க. நானும் போயிட்டா அவியளுக்கு ஆரு இருக்கறா? இனிமே நீங்க அவியகிட்ட மட்டும் பேசுங்க. எங்கிட்ட வேண்டாம்."

அவன் போனை வைக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

பின்னால் சென்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள்? எதைக் கேட்டாள்? ஆபரேஷன் செய்த நெஞ்சு என்ன ஆகும்?

"அத்தை... அது வந்து... அவரு சும்மா..."

"போனைக் குடு அம்மிணி."

மருமகளின் கையிலிருந்து போனை அவளே எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் தனப்பிரியாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, எப்போதும்போல் கத்தாமல், பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"மொத நாளே உன்ற கொரலு தெரிஞ்சுபோச்சு மாதேசு. பொண்ணு கேட்டு ஊட்டுக்கு வா சாமி."