மாத்திரை நின்ற மறுநாள்

மாதவிலக்கு நின்ற பிறகு சுகிர்தாவின் எடை எண்பத்தாறு கிலோவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஈரலிலும் கொழுப்பு. தூத்துக்குடிக் கடற்கரைப் பூங்காவில் இருந்த மருந்து இயந்திரம் தினமும் காலையில் அவள் விரலை வைத்ததும் சோதித்துப் பார்த்து, அன்றைக்குத் தேவையான அளவு வைட்டமின் ஈ நிரப்பி ஒரே ஒரு மாத்திரை தரும். நேரில் போனால்தான் கிடைக்கும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். முதல் வாரம் நடக்கவே மூச்சு வாங்கியது. அப்புறம் வரிசையில் பழக்கமான ரெஜினா தெருமுனையிலேயே காத்திருக்கத் தொடங்கினாள். போகும்போது ஒருத்தி மருமகள் கதை, வரும்போது மற்றவள் மருமகள் கதை.

ஒன்பதாம் மாதம் இயந்திரம் சொன்னது: "ஈரல் நல்லா இருக்கு. இனி மாத்திரை வேண்டாம். நாளையிலருந்து நீங்க வர வேண்டியதில்ல."

சுகிர்தாவின் முகம் வாடிவிட்டது. "எல்லாம் மாத்திரையாலதானா?"

"மாத்திரையா, நடையான்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. ரெண்டையும் சேர்த்துதான செஞ்சீங்க."

"சும்மா வந்தா விரட்டிருவியோ?"

"விரட்ட எனக்குக் கை கிடையாது."

மறுநாள் காலை தெருமுனைக்கு வந்த சுகிர்தாவைப் பார்த்ததும் ரெஜினாவுக்கு உயிர் வந்தது.

"வரமாட்டீங்கன்னு நினைச்சேன்க்கா. எனக்கும் அடுத்த மாசம் நிப்பாட்டிருவாங்களாம்."

"நிப்பாட்டட்டும்," என்றாள் சுகிர்தா. "அதுக்கப்புறம் பூங்காவோட திரும்ப வேண்டாம். துறைமுகம் வரைக்கும் போவோம். கதை நிறைய பாக்கி கிடக்கு."