வழுக்காத பாத்ரூம்

ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துதான் விசாரணைக்குப் பிடித்து வந்த இசக்கிராஜாவுக்கு இரண்டு கையும் உடைந்தது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். மாஜிஸ்திரேட் கயல்விழி அதை நம்பிவிட்டால், மாவுக்கட்டோடு அவனை மறுபடியும் இதே ஸ்டேஷனில் வைத்து விசாரிப்பார்கள். அந்த அம்மாவோ, பாத்ரூமைப் பார்க்கணும் என்று அவனையும் கூட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டார். ஒரு வாளி சோப்புத் தண்ணீரைத் தரையில் கொட்டி, கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல நிதானமாகச் சுற்றி வந்தார். சொரசொரப்பான கல் தரை. ஒன்றும் ஆகவில்லை.

“எனக்கு விழ வரலை. நீங்க விழுந்து காட்டுங்க, இன்ஸ்பெக்டர்.”

“நான் எப்படி மேடம்...”

“இவனுக்கு வந்திருக்கே. முயற்சி பண்ணுங்க, அவசரமில்லை.”

வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார், திரும்பினார், மறுபடியும் நடந்தார்.

“பாத்து சார், கை போயிரும்” என்றான் இசக்கிராஜா.

அந்த ஸ்டேஷனில் முதல் தடவையாக ஒருவர் உண்மையாகவே வழுக்கி விழ முயன்றுகொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் அம்மா இன்னொரு வாளி நிரப்பச் சொன்னார்.