ஒரு கஜம்

சனிக்கிழமை விடிந்தபோது கோச் ஆர்லோ வீட்டுப் புல்தரையில் ஒரு பலகை நின்றது. 'வீடு விற்பனைக்கு.'

ஆர்லோ வீட்டை விற்கவில்லை. பள்ளிக்கூட ஆட்டத்தில் தோற்ற கோச்சுக்கு எங்கள் நெப்ராஸ்கா பக்கம் ஊர் செய்கிற மரியாதை அது. மூட்டையைக் கட்டு என்று அர்த்தம்.

நட்டது நான்தான் என்று வெர்லின் காப்பிக் கடையில் உட்கார்ந்து பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடக் கமிட்டியில் அவர் ஒரு ஆள். திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. ஆர்லோவின் வேலை அன்றோடு சரி என்று அந்த மேஜையிலேயே முடிவாகியிருந்தது.

"நாலாவது வாய்ப்பு. ஒரு கஜம் பாக்கி. நாமதான் மூணு பாயின்ட் முன்னாடி இருக்கோம். பந்தைத் தூர உதைச்சுட்டு வீட்டுக்குப் போவாரா, இந்த மனுஷன் பையனை ஓடச் சொல்றாரு. எங்க வீட்டு மாட்டுக்குக்கூட அந்தப் புத்தி இருக்கு."

மேஜையே சிரித்தது.

சொன்னதில் தப்பில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் பிடித்து ஓடலாம்; பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. மூன்றில் முடியாவிட்டால், நாலாவதில் பந்தை எதிராளி பக்கம் உதைத்துத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். ஓடிப் பார்த்து ஒரு சாண் குறைந்தாலும், நின்ற இடத்திலேயே பந்து அவர்களுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை ராத்திரி அப்படித்தான் போனது. பக்கத்தூர்க்காரர்கள் பந்தோடு எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஜெயித்தார்கள். எங்களுக்கு அந்த வருஷம் அதோடு முடிந்தது.

கதவு மணி அடித்தது. ஆர்லோ வந்தார்.

மனைவி லோர்னா தவறிப்போனதிலிருந்து அவருக்குக் காலைச் சாப்பாடு இங்கேதான். வெர்லின் மேஜையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. இன்றைக்கு அதில் வெர்லினின் கோட்டு கிடந்தது. வெர்லின் எடுக்கவில்லை. எடு என்று ஆர்லோவும் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், ரேடியோ இருக்கிற கோடியில் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

பரிமாறுகிற டோரீன் கேட்காமலே காப்பி ஊற்றி, பட்டைத்தூள் தூவின இனிப்பு பன் ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க கோச். ராத்திரி ஒண்ணும் உள்ள போயிருக்காது."

அவள் ஆட்டத்துக்குப் போகவில்லை. கடையில் வேலை இருந்தது.

முந்தின நாள் ஆட்டத்தைச் சனிக்கிழமை காலையில் உள்ளூர் ரேடியோவில் மறுபடி போடுவார்கள். ஜெயித்தாலும் போடுவார்கள், தோற்றாலும் போடுவார்கள். "நாலாவது வாய்ப்பு, ஒரு கஜம். கோச் ஆர்லோ யோசிக்க நேரம் கேட்கிறார்" என்றது ரேடியோ. நடுவில் விதைச் சோள விளம்பரம் வந்தது.

"சத்தமா வை டோரீன்" என்றார் வெர்லின். "தான் செஞ்ச காரியத்தைக் கோச்சும் கேட்கட்டும்."

ஆர்லோ எழுந்து கையை நீட்டி ரேடியோவை அணைத்தார்.

"என்ன கோச், கேட்கக் கூச்சமா இருக்கா?"

"ஆமா வெர்லின்."

அவ்வளவுதான். பன்னைத் தொடவில்லை. கழற்றி வைத்த தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். கதவு சாத்தினதும் மேஜையில் சிரிப்பு. செய்யத் தைரியம் இருந்தது, கேட்கத் தைரியம் இல்லையாம்.

டோரீன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவருடைய சின்ன லாரி இன்னும் கிளம்பவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆர்லோ உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் கதவைத் திறந்தாள்.

வண்டி ரேடியோவில் அதே ஆட்டம். விளம்பரம் முடிந்திருந்தது.

"உதைக்கிற பையனைக் கோச் உள்ளே அனுப்பிவிட்டார். உதைக்கத்தான் போகிறார்கள்" என்றார் வர்ணனைக்காரர். அதற்கு மேல் அவர் குரல் கேட்கவில்லை. ஊர் மொத்தமும் எழுந்து நின்று, உட்காரும் பலகைகள் அதிரக் காலைத் தட்டி, "ஆர்லோ, ஓடு! ஆர்லோ, ஓடு!" என்று கத்துகிறது.

மைக்குக்கு நேர் கீழே ஒரு தொண்டை மட்டும் தனியாகக் கேட்டது.

"உதைச்சீன்னா நாளைக்கு உன் வாசல்ல பலகை நட்டுடுவேன்யா! ஓடச் சொல்லு, கோழைப் பயலே!"

தினம் காலையில் கேட்கிற குரல். டோரீனுக்குச் சந்தேகமே வரவில்லை. வெர்லின்.

"கோச், இதைக் கடையில ஓட விட்டிருக்கலாமே. திங்கட்கிழமை ஒருத்தரும் வாயத் திறந்திருக்க மாட்டாங்களே."

"திறந்திருக்க மாட்டாங்கதான்." தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "சொன்னது அவங்க. உதைக்கப் போனவனைத் திருப்பிக் கூப்பிட்டது நான்தானே. என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டே ரொம்ப நாளாச்சு டோரீன்."

அவள் கடைப் பக்கம் திரும்பினாள்.

"நீ போய் உள்ள சொல்லிடாதே. அவங்க மறந்துட்டாங்க. இதைக் கேட்டுட்டா பழியெல்லாம் வெர்லின் தலையில போட்டுடுவாங்க, அப்புறம் அந்த மேஜையில அவன் கூட யார் உட்காருவா? ஊர்ல இருக்கறதே ஒரு கடை."

"அப்ப நீங்க?"

ஆர்லோ ரேடியோவை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"ராத்திரியெல்லாம் தனியா காப்பி குடிச்சு எனக்குப் பழகிடுச்சும்மா. அவனுக்குத் தனியா இருக்கத் தெரியாது."