ஞாயிற்றுக்கிழமை கிரேப்

"மூச்சை நல்லா இழுத்து விடு. அது ஒண்ணும் உன்னைக் கடிக்காது," என்றான் கணவன்.

அவள் மூச்சை இழுத்தாள். விடுவதற்குள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு மாவு அடுப்பில் விழுந்து கருகியது. பாலும் முட்டையும் மைதாவும் கலந்து, காகிதம் போல மெல்லிசாக வார்க்க வேண்டிய கிரேப் என்ற பிரெஞ்சுத் தோசை. கல்யாணமாகி வந்த பிறகு இந்த வீட்டில் அவள் தனியாகச் செய்யும் முதல் பண்டம்.

தனியாக என்றால், மூன்று பேர் சுற்றி நிற்க. மாமனார் செய்முறை வீடியோவை ஓடவிட்டுக் கைபேசியை அவள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் ஈரத்துண்டை விரித்துப் பிடித்திருந்தாள்.

"தீ பிடிச்சா மூடறதுக்கு, அண்ணி. நீங்க பதறாம செய்யுங்க."

அவளுக்குப் பயம் எப்போதும் வயிற்றில்தான் பிறக்கும். கைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். இன்று என்னவோ நேராகக் கைக்கே வந்திருந்தது.

காரணம் இருந்தது. இந்த வீட்டில் ஒருவருக்கு ஒருமுறை விழுந்த பெயர் ஆயுளுக்கும் அழியாது. மாமனார் என்றோ ஒருநாள் பழுதான மிக்ஸியைத் திறந்து பார்த்தார், அது ஓடிவிட்டது. அன்றிலிருந்து உறவுக்காரர்களின் மிக்ஸிகளெல்லாம் அவர் கட்டிலடியில் கிடக்கின்றன. நாத்தனார் ஒருமுறை அண்ணனுக்கு முடி வெட்டிவிட்டாள். இப்போது குடும்பத்துத் தலைகள் அத்தனையும் அவள் முன்னால் குனிகின்றன.

மாமியார், வந்த புதிதில் வெந்நீர் வைத்து, பாத்திரத்தைக் கருக்கியவர். "அவளுக்கு எதுவும் வராது, பாவம்" என்று அன்று சொன்ன மாமனார் இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியார் கூடத்துச் சோபாவில் சாய்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று ஒரு காலைப்பொழுதுதான். இதில் தவறிவிட்டால் பிறகு திருத்திக்கொள்ளவே முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மாவை ஊற்றித் தவாவைச் சாய்த்துச் சுழற்றினாள். மாவு வட்டமாகப் பரவியது. ஓரம் தானாக விட்டு, லேசாகச் சிவந்து எழுந்தது.

"பாத்தியா, வருது. அப்படியே தூக்கிப் போடு," என்றான் கணவன்.

கை வெடவெடவென்று நடுங்க, தூக்கிப் போட்டாள். கிரேப் பறந்துபோய் மாமனாரின் கைபேசியைப் போர்த்திக்கொண்டது. உள்ளேயிருந்து வீடியோக்காரி, "இப்போது மெதுவாக மடியுங்கள்" என்றாள்.

இரண்டாவது, நாத்தனாரின் ஈரத்துண்டில் விழுந்தது. மூன்றாவது தவாவை விட்டே கிளம்பாமல் கசங்கிய கைக்குட்டையாகச் சுருண்டது.

"கிழிஞ்சா என்ன அண்ணி, வயித்துக்குள்ள போய் யாரு பாக்கப்போறா?"

"நான் போனைத் தொடச்சுக்கறேன். நீ நிதானமாப் போடும்மா," என்றார் மாமனார்.

அவள் கண் கலங்கியது. "எனக்கு இது வராதுங்க. விட்டுடுங்க."

கணவனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தள்ளு இப்படி. எல்லாம் மணிக்கட்டுல இருக்கு."

அவன் ஊற்றினான், சுழற்றினான், தூக்கிப் போட்டான். கிரேப் காற்றில் ஒரு புரளல் புரண்டு, ஒரு கிழிசல் இல்லாமல் தவாவிலேயே வந்து படுத்தது. யாரும் கேட்காமலே இன்னொன்று போட்டான். அடுத்ததை ஒற்றைக் கையால் போட்டுக் காட்டினான்.

மாமனார் ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். திறந்தபோது முடிவு செய்துவிட்டிருந்தார்.

"பிரமாதம்டா. இனிமே ஞாயித்துக்கிழமை காலை டிபன் உன் பொறுப்பு."

"சித்தப்பா வீட்டுக்கும் சேத்தே கலந்துக்கோண்ணா. நான் போன்ல சொல்லிடறேன்."

கணவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நிற்க, கண்கள் மட்டும் மெல்லப் புரிந்துகொள்ளத் தொடங்கின.

அவள் ஒதுங்கிப்போய்க் குழாயடியில் கை கழுவினாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னார்:

"எல்லாம் சரியாத்தான் செஞ்சே. கைநடுக்கம் மட்டும் கொஞ்சம் ஓவர்."