நீல நூல்

"டாக்டர் பரிபூரணமே, ஊரை விட்டு ஓடு!"

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேரும் ராஜபாளையத்தில் காளிராஜின் பேண்டேஜ் துணித் தறியில் வேலை செய்கிறவர்கள். லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தது முதலாளி. தட்டி எழுதிக் கொடுத்தது முதலாளி. டீயும் வடையும்கூட முதலாளி.

போன வருஷம் போனஸ் கேட்டு இதே நாற்பது பேர் தட்டி பிடித்தபோது போலீசைக் கூப்பிட்டதும் இதே முதலாளிதான். போராட்டத்தின் அருமை அவருக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்திருக்கிறது.

"சத்தம் பத்தலை! கையத் தூக்கிக் கத்துங்க!" என்றார் காளிராஜ்.

கத்தினார்கள். பின்வரிசையில் வெள்ளத்தாய் மட்டும் முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு, வாயால் மட்டும் புரட்சி செய்தாள்.

"ஏட்டி, போனஸுக்கு மட்டும் தொண்டை கிழியக் கத்துன?" என்றான் பக்கத்தில் நின்ற இருளப்பசாமி.

"அது எனக்குக் கத்துனது. இது மொதலாளிக்கு. தொண்டைக்கு வித்தியாசம் தெரியும்லா?"

"கை என்ன உள்ளுக்குள்ள?"

"குளிருது."

"மண்டை பொளக்குற வெயில்லயா?"

"ஒன் சோலியப் பாருலே."

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன் காளிராஜின் மனைவி கல்பனாவுக்கு இங்கே கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அன்றிலிருந்து வயிற்று வலி. மூன்று முறை எக்ஸ்ரே எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் டாக்டரே மதுரைக்கு அனுப்பி சி.டி. ஸ்கேன் எடுக்க வைத்தார். வயிற்றுக்குள் துணி! ரத்தம் ஒற்ற வைத்தது, உள்ளேயே தங்கிச் சீழ் பிடித்திருந்தது. அன்றைக்கே திறந்து எடுத்துவிட்டார். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் கல்பனா இல்லை.

டாக்டர் பரிபூரணம் வெளியே வந்தார். கூட்டம் அடங்கியது.

"துணியை எண்ணுறதுல தவறினது நாங்கதான். அதை நான் மறைக்கலை. எதுல கையெழுத்துப் போடணும்?"

காளிராஜ் தாளை நீட்டினார். "ஆஸ்பத்திரியை இழுத்து மூடுதேன்னு எழுதியிருக்கு. நல்லாப் படிச்சிட்டே போடுங்க டாக்டரம்மா."

சேத்தூரிலிருந்தும் தேவதானத்திலிருந்தும் பிரசவத்துக்கு வருகிற ஏழைகள் இருபது வருஷமாக நம்பியிருந்தது அந்த ஆஸ்பத்திரியைத்தான். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"போடுறேன். அதுக்கு முந்தி ஒரு சந்தேகம். இந்தத் துணியில ஒரு நீல நூல் ஓடும். சாதா நூல் இல்லை. எக்ஸ்ரேயில வெள்ளைக் கோடாத் தெரியணும்னே செஞ்ச நூல். மறந்து உள்ள விட்டாலும் காட்டிக் குடுத்துரும். அதை நம்பித்தான் மூணு தடவையும் 'ஒண்ணுமில்லை'ன்னு சொன்னேன்."

"ஒங்க மெஷினு ஓட்டை!"

டாக்டர் ஒரு படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். "காலையில ரெண்டு துணியைப் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்தேன். இது வேற கம்பெனித் துணி, கோடு தெரியுதா? இது உங்க வீட்டம்மா வயித்துல இருந்து எடுத்தது. கோடே இல்லை."

கூட வந்திருந்த பத்திரிகைக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்ப நூல்லயே களவாணித்தனமா?"

காளிராஜ் பொங்கினார். "எவன்யா அது? வயித்துக்குள்ள போற துணியில லாபம் பாக்குறவன் மனுசனா? அவன் பொண்டாட்டி பிள்ளை வெளங்குமா?"

"டப்பாவுல சென்னைக் கம்பெனி பேருதான் இருக்கு. துணி எந்தத் தறியில நெய்ததுன்னு தெரியலை. ஆனா இதைப் பாருங்க." டாக்டர் ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "அதே டப்பாவுல மிச்சம் இருந்த துணி. ராத்திரி தண்ணியில ஊறப்போட்டேன்."

பாட்டில் தண்ணீர் நீலமாக இருந்தது.

"எக்ஸ்ரே நூல் சாயம் போகாது. சாதா நூலை நீலத்துல முக்கி ஓட்டியிருக்காங்க. இந்தக் கேஸை டாக்டர்கள் கூட்டத்துல என் தப்பையும் சேர்த்து நானே சொல்லப் போறேன். எங்க நெய்ததுன்னு கண்டுபிடிக்கச் சொல்லித் துணியையும் படத்தையும் அரசாங்கத்துக்கு அனுப்பப் போறேன்."

காளிராஜ் பாட்டிலைப் பார்த்தார். உள்ளே கிடந்த துணியின் கரையைப் பார்த்தார்.

பிறகு தாளை வாங்கி நாலாகக் கிழித்தார்.

"போகட்டும் டாக்டரம்மா. மனுசன்னா மறதி இருக்கத்தான் செய்யும். எம் பொண்டாட்டி பொழச்சிட்டா, அம்புட்டுப் போதும். கூட்டம், அரசாங்கம்லாம் எதுக்கு? அந்தப் பாட்டிலை இங்கிட்டுக் குடுங்க. நானே தூரப் போட்டுருதேன்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரிகைக்காரர் 'மன்னித்த மாமனிதர்' என்று தலைப்பே எழுதிவிட்டார்.

"அண்ணாச்சி, தொழிலாளிகளோட சேந்து ஒரு போட்டோ."

"ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கீக? டாக்டரம்மாவுக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

ஊரை விட்டு ஓடச் சொன்ன கூட்டம் உடனே கை தட்டியது. முப்பத்தொன்பது பேர்.

"ஏட்டி வெள்ளத்தாயி, தட்டுனா கை தேஞ்சா போயிரும்? வெளிய எடு!"

வெள்ளத்தாய் முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். பத்து விரலும் நீலம்.

"காலையில நீங்க சொன்னபடி நூலை முக்கிப் போட்டுட்டு அப்படியே வண்டியில ஏறிட்டேன் மொதலாளி. போட்டோவுல விழுந்தா வைவீகளேன்னுதான் மறைச்சு வச்சிருந்தேன்."